‘வயிறு’ என்ற சொல்லுக்குள் மறைந்துபோகும் சிறுகுடல்

சற்று நீண்ட பதிவு. பொறுமையுடன் வாசிக்க வேண்டுகிறேன்.

சென்ற வாரம் துறையில் ஒரு நண்பரின் முனைவர்பட்ட வாய்மொழித் தேர்வு நல்லபடியாக முடிந்தது. எல்லோருக்கும் சமோசா வந்தது. நான் தட்டை நகர்த்தி வைத்ததைக் கண்ட மூத்த ஆய்வாளர் ஒருவர், “உனக்குக் கோதுமை அலர்ஜிதானே? ஒரு மாத்திரையைப் போட்டுக்கொண்டு இன்று ஒருநாள் சாப்பிடேன்” என்றார். அன்பினால் சொன்னதுதான். அவரும் மொழியியலர், பொருண்மையியலில் ஆய்வு செய்பவர். சொற்களின் எல்லைகளை அளப்பதையே தொழிலாகக் கொண்ட ஒருவர், ‘அலர்ஜி’ என்ற ஒரு சொல்லை நம்பி எனக்கு மாத்திரையைப் பரிந்துரைத்தார். சிரித்துவிட்டு வந்துவிட்டேன். ஆயினும் அச்சொல்லால் நான் இழந்த மாதங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றை எழுதிவைப்பது பிறருக்குப் பயன்படும் எனத் தோன்றியது.

என் வாதத்தை முதலிலேயே கூறிவிடுகிறேன். சிறுகுடல் நோய்களைக் கண்டறிவதில் முதற்கருவி எண்டோஸ்கோபியோ இரத்தப் பரிசோதனையோ அன்று. நோயாளியும் மருத்துவரும் பரிமாறிக்கொள்ளும் சொற்களே. நோயைக் கண்டறிந்த பின்னரும் சிகிச்சையின் பெரும்பகுதி சொற்களாலேயே நடைபெறுகிறது. இவ்விரு இடங்களிலும் நம் சொற்கள் தவறும்போது, எவ்வளவு உயர்ந்த கருவி இருந்தாலும் நோயாளி ஆண்டுக்கணக்கில் அலைய நேரிடுகிறது. இதனை மருத்துவர்களின் சிக்கல் என்று ஒதுக்கிவிட்டு, மொழியைப் படிக்கும் நாம் விலகி நிற்பது சரியன்று.

என் கதை சுருக்கமானது. இளங்கலை வரை திருநெல்வேலி மாவட்டத்தில் படித்தேன். 2018இல் முதுகலைக்காக தில்லிக்கு வந்தேன். சோறும் இட்லியும் உண்டு வளர்ந்த உடல், விடுதியில் இரண்டு வேளையும் சப்பாத்திக்கு மாறியது. ஓராண்டு கழித்து ஓயாத களைப்பு தொடங்கியது. வாயில் அடிக்கடி புண் வந்தது. படியேறினால் மூச்சு வாங்கியது. இரத்தசோகை என்றார்கள். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தார்கள், ஓரளவு ஏறியது, நிறுத்தியதும் இறங்கியது. மூன்று ஆண்டுகளில் மூன்று மருத்துவர்களைப் பார்த்தேன். மூவரும் கேட்ட கேள்வி ஒன்றே: “பேட் மேன் தர்த்?” வயிற்றில் வலி உண்டா என்பது பொருள். வலி இல்லை என்றேன், அது உண்மையும்கூட. வயிறு அவ்வப்போது உப்பியிருந்தது. ஆனால் அதை ‘கேஸ்’ என்று நானே பெயரிட்டு ஒதுக்கியிருந்தேன். மலம் வெளிறிப் போனதையும், கழிவறைப் பீங்கானில் ஒட்டிக்கொண்டதையும் அந்நிய மொழியில் அந்நியர் ஒருவரிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அம்மாவிடம்கூட அதைச் சொல்லியிருக்க மாட்டேன்.

நான்காவது மருத்துவர் வயதில் இளையவர். அவர் வலியைப் பற்றிக் கேட்கவே இல்லை. “மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டும் இரும்புச்சத்து உடலில் தங்கவில்லை, அது எங்கே போகிறது?” என்று தமக்குள் பேசுவதுபோல் கேட்டார். பின்னர், “தில்லிக்கு வருவதற்கு முன் என்ன சாப்பிடுவாய்?” என்றார். அந்த இரு கேள்விகள்தாம் என்னைச் சீலியாக் நோய்க்கான பரிசோதனைக்குக் கொண்டுசென்றன.

அவர் கேட்டது ஏன் சரியான கேள்வி என்பதைப் புரிந்துகொள்ளச் சிறுகுடலைச் சற்று அறிய வேண்டும். ‘சிறு’ என்ற அடைமொழி நம்மை ஏமாற்றுகிறது. அது விட்டத்தைக் குறிக்கிறது, நீளத்தை அன்று. பெருங்குடல் ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். சிறுகுடலோ ஏறத்தாழ ஆறு மீட்டர். முன்சிறுகுடல், நடுச்சிறுகுடல், பின்சிறுகுடல் என மூன்று பகுதிகளாக அது மடிந்து கிடக்கிறது. அதன் உட்சுவர் முழுவதும் விரல்போன்ற நுண்ணிய குடலுறிஞ்சிகள் நிற்கின்றன. உண்ட உணவு உடலுக்குள் சேர்வது பெரும்பாலும் அவற்றின் வழியே. இரும்புச்சத்து முதன்மையாக முன்சிறுகுடலிலும், வைட்டமின் பி12 பின்சிறுகுடலின் இறுதியிலும் உறிஞ்சப்படுகின்றன. ஆகவே எந்தச் சத்து குறைகிறது என்பது, பழுது எங்கே இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு குறிப்பாகிறது.

இதனால் சிறுகுடல் நோய் வயிற்றில்தான் வெளிப்பட வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. இரத்தசோகையாக, எலும்பு மெலிவாக, குழந்தைகளில் உயரக்குறைவாக, தள்ளிப்போகும் பருவமடைதலாக, சிலரிடம் கருத்தரிக்க இயலாமையாக, சிலரிடம் அரிக்கும் தோல் கொப்புளங்களாக அது வெளிப்படலாம். ‘வயிற்றில் வலி உண்டா’ என்ற கேள்விக்கு இவர்கள் அனைவரும் ‘இல்லை’ என்றே விடையளிப்பர். அத்துடன் விசாரணை முடிந்துவிடுகிறது.

கருவிகளுக்கும் இவ்வுறுப்பு எளிதில் எட்டுவதில்லை. வாய்வழிச் செல்லும் வழக்கமான எண்டோஸ்கோபி முன்சிறுகுடலோடு நின்றுவிடும். ஆசனவாய் வழிச் செல்லும் கொலனோஸ்கோபி பின்சிறுகுடலின் கடைசிச் சில அங்குலங்களைத் தொட்டுத் திரும்பும். இடையிலுள்ள நெடுந்தொலைவைப் பார்ப்பதற்கு, விழுங்கத்தக்க கேமரா மாத்திரையும் ஜப்பானிய மருத்துவர் யமமோத்தோ உருவாக்கிய இரட்டைப் பலூன் எண்டோஸ்கோபியும் வரவேண்டியிருந்தது. இரண்டும் 2001ஆம் ஆண்டையொட்டி மருத்துவ உலகுக்கு அறிமுகமாயின. சி.டி., எம்.ஆர். வழிக் குடற்படங்களும் இப்போது உதவுகின்றன. ஆனால் இவற்றில் எதை, யாருக்கு, எப்போது செய்வது என்பதை முடிவுசெய்வது நோயாளியின் சொல்லும் அதைக் கேட்கும் செவியும்தான். களைப்புடன் வரும் எல்லோருக்கும் கேமரா மாத்திரையைக் கொடுத்துவிட முடியாது.

இனிச் சொல்லுக்கு வருகிறேன். தமிழில் ‘வயிறு’ என்பது இரைப்பை, குடல், கருப்பை, பசி, பிழைப்பு அனைத்தையும் தாங்கும் சொல். இந்தியின் ‘பேட்’ என்பதும் அவ்வாறே. இதை மொழியின் குறைபாடாக நான் கூறவில்லை. ‘சீலியாக்’ என்ற துறைச்சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். கிரேக்கத்தில் ‘கோய்லியா’ என்றால் வயிறு. கருப்பைக்கும் அதுவே பெயர். பண்டைய கிரேக்க மருத்துவர் அரேட்டேயஸ் செரிமானம் கெட்டுக் கழிச்சலால் மெலிந்தவர்களைக் குறித்த சொல்லின் பொருள் ‘வயிற்றுக்காரர்’ என்பதற்கு நெருங்கியதே. துல்லியமானதென நாம் மதிக்கும் அறிவியற்பெயரும் அகழ்ந்து பார்த்தால் ‘வயிற்று நோய்’ என்றே நிற்கிறது. சொல் பரந்திருப்பதில் கேடில்லை; அடுத்த கேள்வி கேட்கப்படாமல் போவதிலேயே கேடு இருக்கிறது.

தமிழில் அடுத்த கேள்விக்கான சொற்களும் இல்லாமல் இல்லை. உப்புசம், பொருமல், இரைச்சல், மந்தம், கடுப்பு, கழிச்சல், சீதபேதி, புளித்த ஏப்பம் என்று என் ஆச்சி வகை பிரித்துப் பேசுவார். நாட்பட்ட கழிச்சலைக் ‘கிராணி’ என்பார். அது வடமொழிக் ‘கிரஹணி’யின் தமிழ் வடிவம், ஆயுர்வேதத்தில் அது ஒரு குடற்பகுதிக்கும் அதன் நோய்க்கும் பெயர். இன்றைய எந்த நோய்க்கும் அது நேர்நிகர் அன்று. ஆயினும் ‘இது சாதாரணப் பேதி இல்லை, நெடுநாளாய் உடலை உருக்குவது’ என்ற வேறுபாட்டை அச்சொல் காத்துவந்தது. என் தலைமுறையில் இவையனைத்தும் ‘கேஸ்’, ‘அசிடிட்டி’, ‘அல்சர்’ என்ற மூன்று சொற்களுக்குள் சுருங்கிவிட்டன. மூன்றுமே மருந்துக்கடையில் சீட்டில்லாமல் மாத்திரை கிடைக்கும் சொற்கள். ஆங்கிலச் சொல்லைப் பேசியதால் நோயை இன்னும் துல்லியமாகச் சொல்லிவிட்டோம் என்று நம்புகிறோம். உண்மையில் ஆச்சி கொடுத்திருக்கக்கூடிய தகவலில் பாதியைக்கூட நாம் மருத்துவருக்குக் கொடுப்பதில்லை.

ஒரே சொல்லுக்குள் எத்தனை நோய்கள் அடங்கக்கூடும் என்பதற்கு இந்தியாவே சான்று. ‘நெடுநாளாக வயிறு சரியில்லை, உடல் மெலிகிறது, இரத்தம் இல்லை’ என்று வருபவருக்குச் சீலியாக் நோய் இருக்கலாம், குடற்காசநோய் இருக்கலாம், குரோன் நோய் இருக்கலாம், வெப்பமண்டல ஸ்ப்ரூ இருக்கலாம். குடற்காசநோயும் 1932இல் குரோனும் அவருடைய இரு சகாக்களும் விவரித்த நோயும், பின்சிறுகுடல் பெருங்குடலோடு சேரும் அதே இடத்தை விரும்பித் தாக்குகின்றன. எண்டோஸ்கோபியிலும் நுண்ணோக்கியிலும் பல சமயம் ஒன்றுபோலவே தோன்றுகின்றன. ஆனால் சிகிச்சைகள் எதிரெதிரானவை. காசநோய்க்கு ஆறு மாத மருந்து. முறையாக முடித்தால் பெரும்பாலும் குணம். குரோன் நோய்க்கு நோயெதிர்ப்பை அடக்கும் மருந்து நெடுங்காலத்துக்கு. காசநோயாளிக்குத் தவறுதலாக ஸ்டீராய்டு கொடுத்தால் நோய் பரவும். குரோன் நோயாளிக்குக் காசநோய் மருந்து கொடுத்தால் உரிய சிகிச்சை மாதக்கணக்கில் தள்ளிப்போகும். இங்கும் சொல் குறுக்கிடுகிறது. ‘டி.பி.’ என்றால் மக்களுக்கு நுரையீரல்தான். ‘எனக்கு இருமலே இல்லையே’ என்று நோயாளி நம்ப மறுப்பதும், பாதியில் மருந்தை நிறுத்துவதும் அந்தப் பொருண்மைக் குறுக்கத்தின் விளைவுகளாகலாம்.

வெப்பமண்டல ஸ்ப்ரூவுக்கும் தமிழகத்துக்கும் உள்ள தொடர்பைப் பலர் அறியார். 1960களில் வேலூரைச் சூழ்ந்த சிற்றூர்களில் இந்நோய் கொள்ளைநோயாகப் பரவியது. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் செல்வின் பேக்கரும் வி.ஐ. மாத்தனும் அதை ஊரூராகச் சென்று ஆராய்ந்தனர். உலகின் குடல்நோய் நூல்களில் வேலூர் இடம்பெற்றது இவ்வாறே. ஃபோலிக் அமிலம், பி12, டெட்ராசைக்ளின் ஆகியவற்றைச் சில மாதங்கள் கொடுத்தால் அந்நோய் பெரும்பாலும் தணியும். சீலியாக் நோயிலும் குடலுறிஞ்சிகள் தேய்கின்றன. ஆனால் அதற்கு மாத்திரை இல்லை. ‘ஸ்ப்ரூ’ என்பது வாய்ப்புண்ணைக் குறித்த டச்சுச் சொல்லிலிருந்து ஆங்கிலத்துக்கு வந்தது. சீலியாக் நோயையும் நெடுங்காலம் ‘வெப்பமண்டலம் சாராத ஸ்ப்ரூ’ என்றே வழங்கினர். வெவ்வேறு காரணங்கள் கொண்ட இரு நோய்கள், வாய்ப்புண் என்ற ஒரு புற அடையாளத்தால் ஒரே குடும்பப் பெயரைச் சுமந்தன.

தவறான வகைப்பாடு எவ்வளவு காலம் உயிரோடு இருக்கும் என்பதற்குச் சீலியாக் நோயின் வரலாறே பாடம். 1888இல் இலண்டன் மருத்துவர் சாமுவேல் கீ இந்நோயைத் தெளிவாக விவரித்து, குணமாக வழி இருக்குமாயின் அது உணவின் வழியே என்றும் எழுதினார். எவ்வளவு அருகில் வந்துவிட்டார் பாருங்கள். ஆனால் அவருடைய வகைப்பாடு ‘மாவுப்பொருள்’ என்பது. ஆகவே அரிசியை விலக்கச் சொன்னார். மெல்லியதாக அறுத்து இருபுறமும் வாட்டிய ரொட்டியை அனுமதித்தார். அரிசியில் தீங்கில்லை, ரொட்டியில்தான் இருந்தது. ‘மாவுப்பொருள்’ என்ற கூட்டுக்குள்ளிருந்து கோதுமையைத் தனியே பிரித்தெடுத்தவர் டச்சுக் குழந்தைநல மருத்துவர் வில்லெம் டிக்கெ. 1930களிலேயே அவருக்கு ஐயம் இருந்தது. 1944–45 குளிர்காலப் பஞ்சத்தில் ரொட்டி கிடைக்காத நாள்களில் இந்நோயுள்ள குழந்தைகள் தேறியதும், ரொட்டி திரும்பியதும் நலிந்ததும் அவ்வையத்துக்கு வலுவூட்டின. 1950இல் அதனை ஆய்வேடாக அளித்தார். கோதுமை, பார்லி, ரை ஆகியவற்றிலுள்ள குளூட்டன் என்ற புரதத்தொகுதியே தூண்டுதல் என்பது அதன்பின் தெளிவாயிற்று. முனைவர்பட்ட ஆய்வேட்டால் யாருக்கு என்ன பயன் என்று நம்மை நாமே கேலி செய்துகொள்ளும் போதெல்லாம் எனக்கு டிக்கெயின் நினைவு வருகிறது.

என் தவறுக்கு வருகிறேன். நான்காவது மருத்துவர் எழுதிய இரத்தப் பரிசோதனையின் பெயர் டி.டி.ஜி. ஐ.ஜி.ஏ. என்பது. சீட்டை வாங்கிப் பார்த்த ஊழியர், “இது கோதுமை அலர்ஜிக்கான டெஸ்ட்” என்று இந்தியில் விளக்கினார். பரிசோதனைக் கட்டணம் அன்று கையில் இல்லை, பருவத்தேர்வும் நெருங்கியிருந்தது. ‘அலர்ஜிதானே, நிறுத்திப் பார்ப்போம்’ என்று நானே சப்பாத்தியை நிறுத்தினேன். இரண்டரை மாதம் கழித்துப் பரிசோதித்தபோது முடிவு இயல்பு என்று வந்தது. மகிழ்ந்தேன். மருத்துவரோ தலையில் கைவைத்துக்கொண்டார். இப்பரிசோதனை, குளூட்டனுக்கு எதிர்வினையாக உடல் உருவாக்கும் எதிர்ப்பொருளைத் தேடுவது. குளூட்டனை நிறுத்தினால் எதிர்ப்பொருள் குறையும். குடலுறிஞ்சிகளும் தேறத் தொடங்கும். அப்போது இரத்தமும் பொய் சொல்லும், திசுவும் பொய் சொல்லும். பரிசோதனைக்கு முன் குறைந்தது 6 வாரம் அன்றாட உணவில் குளூட்டன் இருக்க வேண்டும் என்பது பிரிட்டனின் நைஸ் வழிகாட்டுநெறி. நான் மீண்டும் எட்டு வாரம் சப்பாத்தி தின்று, மீண்டும் நோயுற்று, மீண்டும் குருதி கொடுத்தேன். எதிர்ப்பொருள் மிக உயர்ந்திருந்தது. எண்டோஸ்கோபியில் முன்சிறுகுடலின் பல இடங்களிலிருந்து திசு எடுத்தனர். குடலுறிஞ்சிகள் தட்டையாகிவிட்டிருந்தன. ஒரு சொல்லால் போனவை ஏறத்தாழ ஐந்து மாதங்கள்.

எனவே இதை வாசிக்கும் மாணவர்களுக்கு ஒரு நேரடி வேண்டுகோள். ஐயம் இருந்தால் பரிசோதனை முடியும் வரை கோதுமையை நீங்களாக நிறுத்தாதீர்கள். டி.டி.ஜி. பரிசோதனையுடன் மொத்த ஐ.ஜி.ஏ. அளவையும் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிலருக்கு அவ்வெதிர்ப்பொருளே இயல்பில் குறைவாக இருப்பதால் முடிவு தவறாக இயல்பு என்று வரக்கூடும். பெரியவர்களுக்குத் திசுப் பரிசோதனையைத் தவிர்த்துவிட்டு வாழ்நாள் பத்தியத்தைத் தொடங்குவதும் பொதுவாக நல்லதன்று. பின்னாளில் ஐயம் எழுந்தால் மீண்டும் கோதுமை தின்றுதான் உறுதிசெய்ய வேண்டியிருக்கும்.

‘தெற்கத்தியருக்கு இந்நோய் வராது’ என்ற சொல்லையும் பலமுறை கேட்டிருக்கிறேன். 2016இல் வெளியான ஓர் ஆய்வு இந்தியாவின் மூன்று பகுதிகளில் இருபத்து மூவாயிரத்துக்கும் மேற்பட்டோரைப் பரிசோதித்தது. சீலியாக் எதிர்ப்பொருள் வடக்கில் 1.23 விழுக்காடு, வடகிழக்கில் 0.87, தெற்கில் 0.10 விழுக்காட்டினரிடம் இருந்தது. ஆனால் நோய்க்கு வாய்ப்பளிக்கும் மரபணு வகையோ வடக்கில் 38.1, தெற்கில் 36.4 விழுக்காடு, வேறுபாடு சிறிது. பெரிதும் வேறுபட்டது கோதுமையின் அளவு: நாளொன்றுக்கு வடக்கில் சராசரி 455 கிராம், தெற்கில் 25 கிராம். என் நோய்க்கு இடப்பெயர்வே காரணம் என்று இதிலிருந்து நிறுவ முடியாது. அவ்வாறு நான் கூறவும் இல்லை. ஆனால் ‘தெற்கத்தியர்’ என்பது ஓர் உணவுப் பழக்கத்தின் பெயர், குடலின் பெயர் அன்று என்பதை மருத்துவர்கள் நினைவில் கொள்ளலாம். தெற்கிலும் இரவு உணவு சப்பாத்திக்கும் பரோட்டாவுக்கும் மாறிவருவதை நாம் அறிவோம்.

இனி, சிகிச்சை. சீலியாக் நோய்க்கு இன்றுள்ள சிகிச்சை குளூட்டன் அறவே அற்ற உணவு, வாழ்நாள் முழுவதும். ‘கோதுமை வேண்டாம்’ என்று எழுதிக் கொடுப்பது எளிது. அதைச் சொற்களின் உலகில் செயற்படுத்துவதே கடினம். வடக்கில் ‘ஆட்டா’ என்பது பொதுவாக எந்த மாவையும் குறிக்கும். வெறுமனே சொன்னால் கோதுமை. எங்கள் வீட்டில் ‘மாவு’ என்று வெறுமனே சொன்னால் இட்லி மாவு. அடைமொழியற்ற சொல் எதைக் குறிக்கிறது என்பதை அந்தந்த நிலத்தின் தட்டு முடிவுசெய்கிறது. வடக்கில் ‘ரோட்டி’ என்பது உணவுக்கே ஆகுபெயர். நம் ஊர்களில் ‘சோறு’ போல. ‘ரோட்டி தின்றாயா?’ என்று அன்போடு கேட்கும் விடுதிச் சமையற்காரரிடம் ரோட்டி எனக்கு நஞ்சு என்று சொல்வது, நம் வீட்டில் சோறு எனக்கு நஞ்சு என்று சொல்வதற்கு ஒப்பு. நவராத்திரி விரதத்தில் உண்ணும் ‘குட்டு’ மாவை ஆங்கிலத்தில் ஒருவகை ‘வீட்’ என்கிறார்கள். அது கோதுமையே அன்று, கலப்படமில்லாதவரை உண்ணலாம். ‘தலியா’, ‘சூஜி’, ‘மைதா’, ரவை, சேமியா என்ற பெயர்களில் கோதுமையின் சாயலே இல்லை. அவை பெரும்பாலும் கோதுமையே.

நம் சமையலறையிலும் ஒன்று இருக்கிறது. கடையில் டப்பாவில் விற்கும் கூட்டுப்பெருங்காயத்தில் பெரும்பாலும் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருக்கும். ‘சாம்பாரும் இரசமும்தானே’ என்று ஊருக்குச் சென்ற விடுமுறையில் நான் நிம்மதியாக உண்டேன். அடுத்த பரிசோதனையில் எதிர்ப்பொருள் இறங்கவில்லை. டப்பாவின் பின்புற எழுத்துகளைப் படித்துக் காரணத்தைக் கண்டவர் அம்மா. “பெருங்காயத்துக்குள்ளயுமா கோதுமை?” என்று அவர் கேட்டது இன்னும் காதில் நிற்கிறது. இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணைய விதிப்படி, ‘குளூட்டன் அற்றது’ என்று முத்திரையிட்ட உணவில் குளூட்டன் கிலோவுக்கு 20 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது. ஒரு தேக்கரண்டி மைதா அவ்வெல்லையை எவ்வளவு எளிதில் கடந்துவிடும் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இங்கேதான் ‘அலர்ஜி’ என்ற சொல் இரண்டாம் முறை தீங்கு செய்கிறது. 1906இல் வியன்னா மருத்துவர் பிர்க்கே கிரேக்க வேர்களிலிருந்து அச்சொல்லை உருவாக்கினார். நம் ‘ஒவ்வாமை’ அதைவிட விரிந்தது; உடலுக்கு ஒவ்வாதது எதுவும் ஒவ்வாமையே. அந்த அகன்ற பொருளில் எனக்குக் கோதுமை ஒவ்வாதுதான். ஆனால் வழக்கில் அலர்ஜி என்பது உடனே தடிக்கும், அரிக்கும், மாத்திரைக்கு அடங்கும், நாளடைவில் பழகிவிடும் ஒன்று. கோதுமை அலர்ஜி என்றே வேறொரு நோயும் உண்டு. சீலியாக் நோய் அதுவன்று. குளூட்டனால் தூண்டப்பட்டு உடலின் பாதுகாப்புப் படை தன் குடலையே தாக்கும் தன்னுடல் தாக்குநோய். ஒரு சமோசா தின்றால் எனக்கு அன்று மாலை ஒன்றும் நேராமல் போகலாம். எதுவும் நேரவில்லை என்பதே ‘கொஞ்சம் தின்னலாம்’ என்பதற்குச் சான்றாகிவிடுகிறது. உள்ளே குடலுறிஞ்சிகள் சத்தமின்றித் தேய்கின்றன.

இதற்கு வலுவான மறுப்பு ஒன்று உண்டு. அதை நேர்மையாக எதிர்கொள்ள வேண்டும். விடுதி உணவுக்கூடத்தில் வரிசையில் நிற்கும்போது ‘தன்னுடல் தாக்குநோய்’ என்று விளக்க முடியாது. ‘அலர்ஜி’ என்றால் உடனே புரிந்துகொண்டு கரண்டியை மாற்றுகிறார்கள். நானும் அச்சொல்லைப் பயன்படுத்தியிருக்கிறேன்; இனியும் பயன்படுத்துவேன். என் வாதம் தெருவில் வழங்கும் சொல்லைத் தடைசெய்ய வேண்டும் என்பதன்று. பரிசோதனைக்கூடத்திலும், மருத்துவச் சீட்டிலும், நோயாளிக்குக் கொடுக்கும் கையேட்டிலும் அச்சொல் வரக்கூடாது என்பதே. வேறு நோயின் பெயரால் ஒரு நோயை விளக்கினால், நோயாளி அந்த வேறு நோய்க்கான அறிவையே இந்நோய்க்கும் பயன்படுத்துவார். நான் செய்தது அதைத்தான். மருத்துவர்களுக்கு நேரமில்லை என்பதும் உண்மை. ஆயினும் ‘பரிசோதனை முடியும் வரை கோதுமையை நிறுத்தாதீர்கள்’ என்ற ஐந்து சொற்களைச் சீட்டின் அடியில் அச்சிட நேரம் வேண்டியதில்லை.

என் வேண்டுகோள்கள் மூன்று. முதலாவது, மொழித்துறையினருக்கு. வட்டார வழக்குகளில் வயிறு, மலம், களைப்பு பற்றிய சொற்களைத் தொகுத்து, மருத்துவ மாணவர்கள் நோயாளியிடம் கேட்கத்தக்க கேள்விகளாக மாற்றித் தருவது நம்மால் இயலும். முதுகலை மாணவர் ஒருவரின் களப்பணிக்கு அது போதும். இரண்டாவது, மருத்துவம் பயில்வோருக்கு. ‘வயிறு வலிக்கிறதா’ என்பதோடு நிற்காமல், ‘மாத்திரை தின்றும் இரத்தம் ஏறவில்லையா’, ‘ஊர் மாறிய பின் உணவு மாறியதா’, ‘வீட்டில் வேறு யாருக்கேனும் இவ்வாறு உண்டா’ என்றும் கேளுங்கள். சீலியாக் நோயாளியின் பெற்றோர், உடன்பிறந்தோர், பிள்ளைகளில் ஏறத்தாழ 7.5 விழுக்காட்டினருக்கு இந்நோய் இருப்பது ஆய்வுகளில் தெரிகிறது. அவர்களுள் பலருக்கு வயிற்றில் தொல்லையே இருப்பதில்லை. மூன்றாவது, விடுதிகளை நடத்துவோருக்கு. உணவுப் பெயர்ப்பலகையில் ‘கோதுமை உள்ளது, இல்லை’ என்று எழுதுங்கள். ஒரு தனிக் கரண்டி வையுங்கள்.

நோய் உறுதியான பின் அம்மாவையும் பரிசோதித்துக்கொள்ளச் சொன்னேன். “எனக்கு வயித்துல ஒண்ணும் இல்லையே” என்று மூன்று மாதம் தள்ளிப்போட்டார். அவருக்கும் நெடுநாள் இரத்தசோகை. ஒருவழியாகச் சென்ற தையில் பரிசோதித்தார். சீலியாக் இல்லை, வேறு காரணம் தெரிந்து மருந்து எடுத்துக்கொள்கிறார். முப்பது ஆண்டுகளாக அவரிடம் எவரும் கேட்காத கேள்விகளை அந்த நாளில்தான் கேட்டார்கள் என்றார்.

எனக்கு இப்போது இரும்புச்சத்து தங்குகிறது. படியேற முடிகிறது. சமோசா கொடுத்த மூத்தவரிடம் இப்பதிவை அனுப்பிவிட்டுத்தான் இங்கே இடுகிறேன். “பொருண்மையியலர் என்று இனி என்னைச் சொல்லாதே” என்று எழுதியிருந்தார். அடுத்த விருந்துக்கு அரிசிமுறுக்கு வாங்குவதாகவும் வாக்களித்திருக்கிறார். பெருங்காயம் போட்டிருக்கிறதா என்று மட்டும் நான் கேட்டாக வேண்டும்.

உங்கள் ஊரில் நெடுநாள் கழிச்சலுக்கும் உப்புசத்துக்கும் என்ன சொற்கள் வழங்குகின்றன என்பதைப் பின்னூட்டத்தில் எழுதுங்கள். மாற்றுக் கருத்துகளையும், குறிப்பாக மருத்துவ நண்பர்களின் திருத்தங்களையும் வரவேற்கிறேன்.